ஒரு சைக்கோபை சோதனையில் செய்ததை இன்னொன்றில் எடுத்துப் பயன்படுத்துவது எப்படி?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் வார இறுதித் தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகளின் சொல் வாசிப்பை அளக்க, சைக்கோபை என்ற உளவியல் சோதனை மென்பொருளின் பில்டரில் (சோதனையை நிரல் எழுதாமல் கட்டும் பகுதியில்) ஒரு சோதனை செய்து வைத்திருக்கிறீர்கள். அதில் ஒப்புதல் பக்கம், மொழித் தேர்வு, விளக்கம், சரியா தவறா என்று உடனே சொல்லும் பயிற்சிச் சுற்று, நடுவில் ஓர் ஓய்வு எல்லாம் இருக்கின்றன. இப்போது அதே பிள்ளைகளுக்கு ஒரு ஸ்ட்ரூப் சோதனையும் (நிறப் பெயரை வேறு நிறத்தில் காட்டி, அது எழுதப்பட்ட நிறத்தைக் கேட்பது) ஒரு நினைவாற்றல் சோதனையும் செய்ய வேண்டும். பழையதை எடுத்து ஒட்டிப் பார்த்தால், ஓர் இடத்தில் எழுத்தே திரையில் இல்லை, இன்னோர் இடத்தில் சிவப்பாகப் பிழை வருகிறது, மூன்றாவது இடத்தில் எல்லாம் சரியாக ஓடுவது போலத் தெரிந்தாலும் பயிற்சியில் ‘தவறு’ என்று வரவேண்டிய இடத்தில் ‘சரி’ என்று வருகிறது. முதலிலிருந்து கட்டுவதுதான் வழியா என்று கேட்கிறீர்கள்.

வேண்டாம். எடுத்து ஒட்டலாம். ஆனால் ஒட்டும்போது எது கூட வருகிறது, எது பழைய ஃபைலிலேயே தங்கிவிடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் சொன்ன மூன்று தொல்லைகளும் அங்கிருந்துதான் வருகின்றன. மூன்றில் முதல் இரண்டு சின்ன விஷயம். மூன்றாவதுதான் ஆபத்தானது.

முதலில் ஒட்டும் முறை. இரண்டு ஃபைல்களையும் ஒரே சைக்கோபைக்குள் இரண்டு பில்டர் ஜன்னல்களாகத் திறங்கள். சைக்கோபையையே இரண்டு தடவை தனித்தனியாகத் திறந்தால் ஒன்றில் காப்பி செய்தது மற்றொன்றுக்குத் தெரியாது. பழைய ஃபைலில் வேண்டிய ருட்டீனை (ஒப்புதல் பக்கம், ஓய்வு போன்ற ஒரு பகுதியை) தேர்ந்து, எக்ஸ்பெரிமென்ட் மெனுவில் காப்பி ருட்டீன். புதிய ஃபைலுக்கு வந்து அதே மெனுவில் பேஸ்ட் ருட்டீன். ஒரு பெயர் கேட்கும், கொடுங்கள். ஒட்டிய ருட்டீன் தானாக ஓடாது. கீழே, ருட்டீன்கள் ஓடும் வரிசையைக் காட்டும் ஃப்ளோவில் இன்சர்ட் ருட்டீன் அழுத்தி, வேண்டிய இடத்தில் வைக்க வேண்டும். ருட்டீனுக்குள் இருக்கும் எழுத்து, படம், விசைப்பலகை போன்ற ஒரே ஒரு கம்போனென்ட் போதும் என்றால் அதன் மேல் வலது க்ளிக் செய்து தனியாகவும் காப்பி செய்யலாம்.

இப்படி ஒட்டும்போது ருட்டீனும் அதற்குள் இருக்கும் கம்போனென்ட்களும், அவற்றில் நீங்கள் நிரப்பிய கட்டங்களும் மட்டுமே வருகின்றன. அதைத் திரும்பத் திரும்ப ஓட்டுவதற்காகச் சுற்றியிருந்த லூப் வராது. எக்செல் ஃபைல், படங்கள், ஒலி எதுவும் வராது. எக்ஸ்பெரிமென்ட் செட்டிங்ஸில் இருக்கும் அளவு அலகு, திரை நிறம், மானிட்டர் பெயர், தொடக்கத்தில் பங்கேற்பாளரிடம் கேட்கும் விவரக் கட்டங்கள் ஆகியவையும் பழைய ஃபைலோடு நின்றுவிடும்.

இனி அந்த மூன்றாவது தொல்லை. சைக்கோபையில் ஒரு சோதனை முழுவதற்கும் ஒரே பெயர்ப் பட்டியல்தான். ஒரே பெயரில் இரண்டு கம்போனென்ட் இருக்க முடியாது. உங்கள் பயிற்சி ருட்டீனில் விசைப்பலகைக் கம்போனென்டுக்கு பில்டர் தானாகக் கொடுத்த ‘கீ ரெஸ்ப்’ என்ற பெயரையே விட்டிருப்பீர்கள். எல்லோரும் விடுவதுதான். புதிய ஸ்ட்ரூப் ஃபைலிலும் விளக்கப் பக்கத்தில், சரியான விசை இது என்று குறிக்கப்பட்ட ‘கீ ரெஸ்ப்’ ஒன்று ஏற்கனவே இருந்திருக்கும். எனவே ஒட்டும்போது சைக்கோபை புதிதாக வருகிற கம்போனென்டின் பெயருக்குப் பின்னால் ஒரு 2 சேர்த்துவிடும். ஆனால் பின்னூட்டம் சொல்லும் கோட் கம்போனென்டுக்குள் நீங்கள் கையால் எழுதியது அப்படியே இருக்கிறது. ‘கீ ரெஸ்ப் சரியாக அழுத்தப்பட்டதா’ என்றுதான் அது இன்னும் கேட்கிறது. அந்தப் பெயரில் ஒன்று புதிய ஃபைலில் உண்மையாகவே இருப்பதால் பிழைச் செய்தி வராது. பிள்ளை இப்போது அழுத்தியதை விட்டுவிட்டு, விளக்கப் பக்கத்தில் எப்போதோ அழுத்தியதைப் பார்த்து நிரல் ‘சரி’ என்று சொல்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பெயர் மோதும்போதுதான் சைக்கோபை பெயரை மாற்றுகிறது. பெயர் மோதுகிறது என்றால் பழைய பெயரில் வேறொன்று அங்கே இருக்கிறது என்று பொருள். ஆகவே இந்தக் குழப்பம் பெரும்பாலும் சத்தமில்லாமல்தான் நடக்கும். சிவப்புப் பிழை வந்தால் உண்மையில் நல்லது, ஏனென்றால் சோதனை நின்றுவிடும், நீங்களும் பார்ப்பீர்கள். இது நிற்காமல் ஓடி, தவறான பின்னூட்டத்தைக் கொடுத்து, ஒரு முழுப் பள்ளியின் தரவையும் கெடுத்துவிடும்.

அதற்கு மருந்து, மறுபடி பயன்படுத்தப் போகிற எந்த ருட்டீனிலும் பில்டர் தரும் பெயரை விடக்கூடாது என்பதே. பயிற்சி ருட்டீன் என்றால் அதற்குள் இருக்கும் எல்லாவற்றுக்கும் ‘பிராக்’ என்று தொடங்கும் பெயர் வையுங்கள்: பிராக் கீ, பிராக் சொல், பிராக் கோட். ஓய்வுக்கு வேறு முன்னொட்டு, ஒப்புதலுக்கு வேறு. கோட் கம்போனென்டுக்குள் நீங்களே உருவாக்கும் மாறிகளுக்கும் (வேரியபிள்) அதே முன்னொட்டைக் கொடுங்கள். இவை இரண்டு ஃபைல்களில் மோத வாய்ப்பே இல்லை, ஆகவே பெயர் மாறாது, கோடும் உடையாது.

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது, எனக்கு இதுவே பெரிய காரணம். சைக்கோபை தரவை அட்டவணையாக எழுதும் சிஎஸ்வி ஃபைலில் பத்தித் (நெடுவரிசைத்) தலைப்புகள் கம்போனென்ட் பெயரிலிருந்துதான் வருகின்றன. விசைப்பலகையின் பெயரோடு எதிர்வினை நேரமும், சரியா தவறா என்ற பத்தியும் சேர்ந்து வரும். மூன்று சோதனைகளிலும் பயிற்சியின் விசைப்பலகைக்கு ஒரே பெயர் என்றால், மூன்று சோதனைகளின் தரவையும் ஒரே அட்டவணையில் அடுக்க முடியும். ஒன்றில் ‘கீ ரெஸ்ப்’, ஒன்றில் ‘கீ ரெஸ்ப் 2’, மற்றொன்றில் ‘கீ ரெஸ்ப் 5’ என்று இருந்தால், ஒவ்வொரு ஃபைலையும் திறந்து எது எது என்று தேடிக்கொண்டு உட்கார வேண்டும். இதைத் தரவு சேர்த்த பிறகு செய்வது கொடுமை.

எழுத்து காணாமல் போவதற்கு வருவோம். டெக்ஸ்ட் கம்போனென்டில் அலகு என்ற கட்டம் வழக்கமாக ‘செட்டிங்ஸில் உள்ளபடி’ என்று இருக்கும். உங்கள் பழைய ஃபைலில் செட்டிங்ஸ் அலகு ‘ஹைட்’. அதாவது திரையின் உயரம் 1. எழுத்தின் உயரம் 0.05 என்றால், 1080 பிக்சல் உயரத் திரையில் அது 54 பிக்சல். நன்றாகத் தெரியும். புதிய ஃபைலில் யாரோ அலகைப் ‘பிக்சல்’ என்று வைத்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. அங்கே அதே 0.05 என்பது பிக்சலில் இருபதில் ஒரு பங்கு. எழுத்து இருக்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியாது. ‘நார்ம்’ அலகில் ஒட்டினால் அதைவிட மோசம் என்பேன், ஏனென்றால் அங்கே திரையின் உயரம் 2 ஆகக் கணக்கு. எழுத்து 27 பிக்சலாக, சரியாகப் பாதி உயரத்தில் தெரியும். யாரும் கவனிக்காமல் ஆய்வு முழுக்க அப்படியே போய்விடலாம். வாசிப்பு வேகம் அளக்கிற சோதனையில் எழுத்தின் அளவு பாதியானால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எனவே மறுபயன்பாட்டுக்கான ருட்டீனில் ஒவ்வொரு கம்போனென்டிலும் அலகை வெளிப்படையாகத் தேர்ந்துவிடுங்கள். ‘ஹைட்’ போதும். பார்வைக் கோணத்தில் அளக்கும் ‘டிகிரி’ வேண்டும் என்றால் ஒன்று நினைவிருக்கட்டும்: திரையின் அகலமும் பிள்ளை உட்காரும் தூரமும் மானிட்டர் சென்டரில், அந்தந்தக் கணினியில் சேமிக்கப்படுகின்றன. ஃபைலோடு அவை பயணம் செய்யாது. வகுப்பறை லேப்டாப்பில் அந்த அளவுகளைப் புதிதாகக் கொடுக்க வேண்டும்.

நேரத்துக்கும் இதே கதைதான். சொல் எவ்வளவு நேரம் தெரிய வேண்டும் என்பதை ஃப்ரேம் கணக்கில் (திரை எத்தனை தடவை புதுப்பிக்கப்படுகிறது என்று) வைத்திருந்தால், 60 ஹெர்ட்ஸ் திரையில் 12 ஃப்ரேம் என்பது 200 மில்லி செகண்ட். அதே ருட்டீன் 144 ஹெர்ட்ஸ் திரை உள்ள கணினிக்குப் போனால் 83 மில்லி செகண்ட்தான்.

சிவப்புப் பிழை பெரும்பாலும் மொழித் தேர்விலிருந்து வந்திருக்கும். விளக்க ருட்டீன், தொடக்க விவரக் கட்டத்தில் ‘மொழி’ என்ற ஒன்று இருக்கும் என்று நம்பி எழுதப்பட்டது. புதிய ஃபைலின் செட்டிங்ஸில் அப்படி ஒரு கட்டம் இல்லை. சேர்த்தால் போய்விடும்.

ஆனால் இங்கே ஒரு படி மேலே போகலாம். விளக்க வாசகங்களைக் கம்போனென்டுக்குள் தட்டாதீர்கள். எக்செல்லில் வையுங்கள். விளக்க ருட்டீனைச் சுற்றி ஒரு லூப், அந்த லூப்புக்கு ஓர் எக்செல் ஃபைல், டெக்ஸ்ட் கட்டத்தில் டாலர் குறியோடு பத்தியின் பெயர், பக்கத்தில் ‘ஒவ்வொரு தடவையும் மாற்று’ என்ற தேர்வு. இந்தக் கடைசித் தேர்வை ‘மாறாதது’ என்றே விட்டால் சோதனை தொடங்கும்போதே அந்தப் பெயரில் மாறி எதுவும் இல்லை என்று பிழை வரும். புதிய சோதனைக்கு ருட்டீனைத் தொடாமல் எக்செல்லை மட்டும் மாற்றினால் போதும். எந்த மொழி எக்செல்லைத் திறப்பது என்பதையும் ‘மொழி’ கட்டத்திலிருந்தே எடுக்கலாம். லூப்பில் ஃபைல் பெயர் கேட்கும் கட்டம் டாலர் குறியில் தொடங்கும் நிரல் தொடரையும் ஏற்கும்.

நம் ஊரில் இது ஆடம்பரம் அல்ல. தென்னாப்பிரிக்காவில் 2023இல் சைகை மொழியும் சேர்ந்து அதிகாரபூர்வ மொழிகள் 12 ஆகிவிட்டன. டர்பனில் ஒரே ஆய்வுக்கு ஆங்கிலத்திலும் இசிஜூலுவிலும் விளக்கம் தேவைப்படுவது சாதாரணம். நீங்கள் பார்க்கும் பிள்ளைகளில் பலருடைய முன்னோர் 1860க்குப் பிறகு கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள். வீட்டில் பேச்சு ஆங்கிலம், தமிழ் வகுப்பில் படிப்பது. அவர்களுக்கு விளக்கம் ஆங்கிலத்திலும் வாசிக்க வேண்டிய சொல் தமிழிலும் இருக்க வேண்டும். அதனால் ‘மொழி’ என்று ஒரே கட்டம் வைக்காமல், விளக்க மொழிக்கு ஒன்று, சொல் மொழிக்கு ஒன்று என்று தொடக்கத்திலேயே பிரித்துவிடுங்கள். பின்னால் பிரிப்பது என்றால் எல்லா ருட்டீனையும் திறக்க வேண்டிவரும். இன்னொன்று, தமிழ் உள்ள பட்டியலை எக்செல் ஃபைலாகவே வையுங்கள். சிஎஸ்வியாகச் சேமித்தால் யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தைத் தேர்ந்தெடுக்காத பட்சத்தில் தமிழ் முழுக்கக் கேள்விக்குறிகளாகிவிடும்.

தமிழ் எழுத்துரு தனிப் பிரச்சினை. எழுத்துருவின் பெயர் மட்டும்தான் ருட்டீனில் இருக்கிறது, எழுத்துரு கணினியில் இருக்கிறது. ‘லதா’ என்று போட்டிருந்தால், விண்டோஸ் 10 முதல் அது எல்லாக் கணினியிலும் இயல்பாக இருப்பதில்லை, நிர்மலா யுஐதான் இருக்கும். மேக் கணினியில் இரண்டும் இல்லாமல் தமிழ் சங்கம் எம்என் இருக்கும். இல்லாத எழுத்துருவைக் கேட்டால் வேறொன்று வந்து நிற்கும், சொல்லின் அகலம் மாறும். டெக்ஸ்ட்பாக்ஸ் கம்போனென்டில் ‘கொ’, ‘கெ’ போன்றவற்றில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்வதையும் பார்த்திருக்கிறேன். வாசிக்கக் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு முன்னால் அப்படி ஒரு சொல்லை வைக்கக்கூடாது. வாசிப்பை அளக்கும் சோதனையில் சொற்களைப் படமாகவே செய்து, இமேஜ் கம்போனென்டில் காட்டுங்கள் என்பது என் உறுதியான கருத்து. ஒரே எழுத்துரு, ஒரே அளவு, எந்தக் கணினியிலும் ஒரே தோற்றம். எக்செல்லில் ஒரு பத்தியில் சொல், அடுத்த பத்தியில் படத்தின் ஃபைல் பெயர். படங்களை சோதனை ஃபைல் இருக்கும் ஃபோல்டருக்குள்ளேயே வைத்து, அங்கிருந்து தொடங்கும் பாதையாக எழுதுங்கள். ஃபைல் பெயர்கள் எல்லாம் சிறிய ஆங்கில எழுத்தில் இருக்கட்டும். விண்டோஸ் பெரிய எழுத்து சிறிய எழுத்து வித்தியாசம் பார்க்காது, சைக்கோபை சோதனைகளை இணையத்தில் ஓட்டும் பாவ்லோவியா தளத்தில் ஏற்றினால் பார்க்கும்.

லூப் கூட வராது என்று சொன்னேன். ஒரு ருட்டீன், இரண்டு ருட்டீன் என்றால் ஒட்டிவிட்டு லூப்பைப் புதிதாகப் போடுவது பெரிய வேலையில்லை. ஆனால் உங்களுக்கு ஒப்புதலிலிருந்து ஓய்வு வரை முழு வரிசையும் வேண்டும். அப்படியானால் ஒட்டவே ஒட்டாதீர்கள். முழு ஃபைலையும் புதிய பெயரில் சேமித்து, நடுவில் உள்ள வாசிப்புச் சுற்றை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஸ்ட்ரூப்பைக் கட்டுங்கள். செட்டிங்ஸ், லூப், விவரக் கட்டங்கள் எல்லாம் இருந்தபடி கிடைக்கும். ஒரே எச்சரிக்கை: சேமிப்பது புதிய ஃபோல்டரில் இருக்கட்டும். பாவ்லோவியாவோடு இணைத்த ஃபோல்டர் ஒவ்வொன்றும் ஒரு கிட் களஞ்சியம், அதாவது ஃபைல் மாற்றங்களைப் பதிந்து ஒரு ப்ராஜெக்டோடு இணைந்திருக்கும் இடம். அதே ஃபோல்டரில் இரண்டாவது சோதனையை வைத்தால் அதுவும் பழைய ப்ராஜெக்டுக்குள் போய்ச் சேரும். ஃபோல்டரையே காப்பி செய்தாலும் மறைந்திருக்கும் கிட் ஃபோல்டர் கூட வந்து அதே குழப்பத்தைச் செய்யும்.

இந்த மூன்று சோதனைகளோடு உங்கள் வேலை முடியப் போவதில்லை என்றால், ஒரு தாய் ஃபைல் வைத்துக்கொள்ளுங்கள். அதில் எந்த ஆய்வும் இருக்காது. ஒப்புதல், பெற்றோர் ஒப்புதல் உண்டா என்று ஆய்வாளர் குறிக்கும் பக்கம், பிள்ளையின் சம்மதம், விளக்கம், பயிற்சி, ஓய்வு, நன்றி மட்டும். முன்னொட்டுப் பெயர்கள், வெளிப்படையான அலகு, எக்செல் வாசகங்கள் எல்லாம் அங்கே ஒழுங்காக இருக்கும். ஒவ்வொரு புதிய சோதனையும் அதிலிருந்து பிறக்கட்டும்.

பிறந்த பிறகு, தாய் ஃபைலில் நீங்கள் செய்யும் திருத்தம் அதிலிருந்து பிறந்த ஃபைல்களுக்குப் போகாது. இதைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பாதிப் பிள்ளைகளிடம் தரவு எடுத்த பிறகு ஓய்வுப் பக்கத்தின் நீளம் தானாக மாறினால் அது ஒரே ஆய்வு அல்ல. நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்ட ஒப்புதல் வாசகமும் நடுவில் மாறக்கூடாது. தரவு எடுக்கத் தொடங்கிய ஃபைலை அப்படியே உறைய வையுங்கள். எக்ஸ்பெரிமென்ட் செட்டிங்ஸில் ‘எந்த சைக்கோபை பதிப்பு’ என்று கேட்கும் கட்டத்தையும் நிரப்பிவிடுங்கள். தாய் ஃபைலில் செய்யும் திருத்தம் அடுத்த ஆய்வுக்கு.

ஒரே சோதனைக்குள் நிலைமை வேறு. பயிற்சிக்கும் உண்மைச் சுற்றுக்கும் ஒரே ருட்டீனை ஃப்ளோவில் இரண்டு இடத்தில் வைத்தால், இரண்டும் ஒன்றே. ஒன்றில் மாற்றினால் மற்றதிலும் மாறும். பயிற்சியில் காட்டிய சொல்லும் சோதனையில் காட்டும் சொல்லும் ஒரே மாதிரி தோன்ற வேண்டும் என்பதால் அது நல்லதே. சொல் காட்டும் ருட்டீனை இரண்டு லூப்பிலும் பொதுவாக வைத்து, பின்னூட்ட ருட்டீனைப் பயிற்சி லூப்பில் மட்டும் வையுங்கள். ஓபன்செஸமி என்ற இதே வகை மென்பொருளைப் பயன்படுத்தும் நண்பர்கள் இருந்தால் அவர்களுக்கு இது பழக்கம். அங்கே காப்பி செய்யும்போதே இணைந்த நகலா, தனி நகலா என்று தேர்ந்தெடுக்கலாம். படங்களும் ஒலிகளும் சோதனை ஃபைலுக்குள்ளேயே அடைத்து வைக்கப்படும், அதனால் ஃபைல் தொலைவது குறைவு. கொரில்லா என்ற இணையச் சோதனைத் தளத்தில் ஒவ்வொரு பணியும் தனியாகக் கட்டப்பட்டு, குறிப்பிட்ட பதிப்பாகச் சோதனைக்குள் இணைக்கப்படும். உங்கள் வேலைக்காக சைக்கோபையை விட்டு அங்கே போக வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. தாய் ஃபைலின் ஓய்வு ருட்டீனில் ஒரு சிறிய கோட் கம்போனென்ட் சேருங்கள். சைக்கோபை தரவை நினைவகத்தில் வைத்திருந்து, சோதனை முடியும்போதுதான் சிஎஸ்வியாக எழுதுகிறது. நடுவில் எஸ்கேப் அழுத்தினால் பெரும்பாலும் எழுதிவிடும். மின்சாரமே போனால் எழுதாது. லோட் ஷெட்டிங் (முறைவைத்த மின்வெட்டு) எப்போது திரும்ப வரும் என்று சொல்ல முடியாத நாட்டில், யுபிஎஸ் இல்லாத வகுப்பறையில் மேசைக் கணினியை நம்பி 40 நிமிடச் சோதனை நடத்தக்கூடாது. ஓய்வு ருட்டீனின் ‘எண்ட் ருட்டீன்’ பகுதியில், அதுவரை சேர்ந்ததை அகல அட்டவணையாகச் சேமிக்கச் சொல்லும் ஒரே வரி போதும். இறுதியில் பில்டர் தானே பயன்படுத்தும் அதே கட்டளைதான் அது. பில்டர் உருவாக்கும் ஸ்கிரிப்டின் கடைசிப் பகுதியைத் திறந்து பார்த்தால் கிடைக்கும், அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இடையில் எழுதும் ஃபைலுக்கு வேறு பெயர் கொடுங்கள். அதே பெயரில் ஃபைல் இருந்தால் என்ன செய்வது என்ற இடத்தில் ‘மேலெழுது’ என்று குறிப்பிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு ஓய்வுக்கும் எண் சேர்த்து ஒரு புதிய ஃபைல் வரும். ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் சேமிக்க வேண்டாம், வட்டில் எழுதும் நேரம் அடுத்த சொல்லின் தொடக்கத்தைத் தள்ளிவிடலாம். ஓய்வில் பிள்ளை தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது அது யாருக்கும் தெரியாது.

இந்த வரி, பில்டர் எல்லாச் சோதனையிலும் தானே உருவாக்கும் பெயர்களைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. ஸ்ட்ரூப்பில் ஒட்டினாலும் நினைவாற்றல் சோதனையில் ஒட்டினாலும் ஓர் எழுத்தும் மாற்ற வேண்டியிருக்காது. இணையத்தில் ஓடும் சோதனைக்கு மட்டும் இது வேண்டாம், அங்கே சேமிப்பு வேறு வழியில் நடக்கிறது. அந்தக் கோடின் ‘பைதான் மட்டும்’ என்ற தேர்வை அழுத்திவிடுங்கள்.